சாமுவேல் என்றொரு பெயர்: பேராயர் அசரியாவும் ஓயாத அழைப்பும்

கிறித்தவச் சமய நூல்களில் அடிக்கடி காணப்படும் சொற்களுள் ஒன்று 'அழைப்பு'. ஒருவர் குருத்துவப் பணிக்குச் சென்றால் அவருக்கு அழைப்பு வந்தது என்பர். மருத்துவராகவோ ஆசிரியராகவோ தொலைதேசம் சென்றாலும் அவ்வாறே கூறுவர். இவ்வழக்கில் அழைப்பு என்பது வாழ்வில் ஒருமுறை வந்து, ஒருமுறை விடையளிக்கப்பட்டு, அத்துடன் முடிந்துவிடும் நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்படுகிறது. அதற்குப் பின் எஞ்சுவது கடமை மட்டுமே. செவியைத் தீட்டி வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை. இந்தப் புரிதல் எவ்வளவு குறையுடையது என்பதை ஒரு தமிழரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு காண முயல்கிறது இக்கட்டுரை. அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

அவர் கதைக்குள் நுழையுமுன், அவருக்குப் பெயர் தந்த பழைய ஏற்பாட்டுச் சிறுவனைச் சற்றே நினைவுகூர்தல் நன்று.

நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த அன்னாள் என்ற பெண், மகன் பிறந்தால் அவனை இறைவனுக்கே கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்கிறாள். பிறந்தவன் சாமுவேல். அவன் சீலோவிலுள்ள ஆலயத்தில் முதிய குருவான ஏலியிடம் வளர்கிறான். ஓரிரவு, விளக்கு இன்னும் அணையாத வேளையில், தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலைக் கேட்டு எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். "நான் அழைக்கவில்லை, போய்ப் படு" என்கிற பொருளில் ஏலி விடையளிக்கிறார். இவ்வாறு மும்முறை நிகழ்கிறது. மூன்றாம் முறைதான் ஏலிக்குப் புரிகிறது: குரல் தம்முடையதன்று. எவ்வாறு விடையிறுக்க வேண்டும் என்று அவரே சிறுவனுக்குக் கற்பித்து அனுப்புகிறார்.

ஞாயிறு பள்ளிகளில் சிறுவர்களுக்குச் சொல்லப்படும்போது இக்கதை பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். ஆனால் அதில் கவனிக்கத்தக்கவை மேலும் மூன்று உள. முதலாவது, இறைக்குரல் மனிதக் குரலைப் போலவே ஒலித்தது. ஆகவேதான் சிறுவன் குழம்பினான். இரண்டாவது, சாமுவேல் கேட்ட முதற்செய்தி இனிமையானதன்று. தன்னை வளர்த்த ஏலியின் குடும்பத்திற்கு வரவிருக்கும் தண்டனையைப் பற்றியது அது. விடியும்வரை படுத்திருந்து, எழுந்து ஆலயக் கதவுகளைத் திறந்துவிட்டு, அதைச் சொல்ல அஞ்சி நின்றான் அவன். மூன்றாவது, அந்த ஓரிரவோடு சாமுவேல் செவி தேர்ந்தவனாகிவிடவில்லை. முதுமையில், மக்கள் அரசன் வேண்டுமென்று கேட்டபோது அது அவனுக்குக் கசந்தது. ஆயினும் அம்மக்களின் சொல்லைக் கேள் என்றே அவனுக்குக் கட்டளை வந்தது. பின்னர் ஈசாயின் வீட்டில் புதிய அரசனைத் தேடிச் சென்றபோதும், மூத்த மகனின் தோற்றத்தைக் கண்டு இவனே என்று தவறாக எண்ணினான். அத்தனை ஆண்டு இறைவாக்கினனாக இருந்தவனும் மீண்டும் திருத்தப்பட வேண்டியிருந்தது.

இம்மூன்றும் அசரியாவின் வாழ்வில் வியப்பூட்டும் வகையில் மீண்டும் நிகழ்ந்தன.

வெள்ளாளன்விளை

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பகுதியில், பனைகள் சூழ்ந்த ஊர் வெள்ளாளன்விளை. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அங்கே 1874 ஆகஸ்டு 17 அன்று அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம், இந்துக் குடும்பத்தில் பிறந்து, கல்வி கற்ற காலத்தில் கிறித்தவம் தழுவி, அவ்வூரின் குருவானவராகப் பணியாற்றியவர். தாய் எலன், ஆண் மகவு வேண்டி நெடுங்காலம் காத்திருந்தவர். அன்னாளைப் போலவே வேண்டினார். அன்னாளைப் போலவே பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயரிட்டார்.

அவர் பிறந்த திருச்சபை அப்போதே பழமையுடையது. 1780இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண்மணியின் பெயரோடு, நாற்பது பேர் கொண்ட சபையாகத் தொடங்கிய கூட்டம், ஒரு நூற்றாண்டில் ஊர்தோறும் கோயில்களும் பள்ளிகளும் கொண்ட பெருஞ்சபையாக வளர்ந்திருந்தது. இரேனியுஸ், கால்டுவெல், மெஞ்ஞானபுரத்து ஜான் தாமஸ் ஆகியோர் உழைத்த மண் அது. நாடார் சமுதாயத்தில் பெருந்திரளானோர் கிறித்தவம் தழுவி, கல்வியால் உயர்ந்து வந்த காலம். பிறருடைய இழிவுபடுத்தலிலிருந்து நிமிர்ந்தெழுந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளையாக அசரியா வளர்ந்தார். இச்செய்தி பின்னர் முக்கியமாகும்.

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். நோயினால் இறுதித் தேர்வு எழுத இயலாமல் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளர்களுள் ஒருவரானார். தென்னிந்தியா எங்கும் பயணம். கல்லூரி மாணவர்களிடையே சொற்பொழிவு. 1896இல் இந்தியா வந்த அமெரிக்கரான ஷெர்வுட் எடியின் நட்பு. 1898இல் அன்பு மரியம்மாளுடன் திருமணம். இருபதுகளின் நடுவிலேயே நல்ல பணியும் நற்பெயரும் அமைந்துவிட்டன. தாயின் பொருத்தனை நிறைவேறிவிட்டது என்று யாரும் எண்ணியிருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் கேட்டது

1902இல் அசரியா ஒய்.எம்.சி.ஏ. பணியின்பொருட்டு யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அமெரிக்க மிஷனரிகளால் உருவான தமிழ்ச் சபை ஒன்றைக் கண்டார். திருநெல்வேலிச் சபையோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் மிகச் சிறியது. ஆயினும் அச்சபையின் இளைஞர்கள், யாருடைய ஏவலுமின்றித் தம் சொந்தப் பணத்தைத் திரட்டி, கடலுக்கு இப்பாலுள்ள இந்தியக் கரையில் ஊழியம் செய்ய ஆள் அனுப்பி வந்தனர்.

இந்தியாவிலிருந்து வந்த விருந்தினருக்கு அது பெருமையாகச் சொல்லப்பட்ட செய்தியாக இருந்திருக்கலாம். அசரியாவுக்கு அது வேறுவிதமாகக் கேட்டது. நூற்றாண்டைக் கடந்த திருநெல்வேலிச் சபை பெற்றுக்கொண்டே இருந்தது. குருமார் வந்தனர், பணம் வந்தது, பள்ளிகள் வந்தன. அது இதுவரை கொடுத்தது என்ன? தன் எல்லைக்கு வெளியே யாரை அனுப்பியது?

அசரியாவின் வாழ்வில் இறைக்குரல் வந்த முறையை இந்நிகழ்ச்சி முதன்முதலில் காட்டுகிறது. அவருக்கு விண்ணிலிருந்து ஒளியும் தோன்றவில்லை, கனவும் வரவில்லை. சிறுவன் சாமுவேல் இறைக்குரலை மனிதக் குரலென்று எண்ணி ஓடினான். இந்தச் சாமுவேலோ மனிதர் பேச்சைக் கேட்டு, அதற்குள்ளிருந்த அழைப்பை அடையாளம் கண்டார். இரண்டும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்கள்.

ஊர் திரும்பியவர் தாமதிக்கவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியரே ஊழியர், இந்தியர் பணமே நிதி, இந்தியரே நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. பனையேறிகளும் சிறுவணிகர்களும் ஆசிரியர்களும் காணிக்கை கொடுத்தனர். நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி பணிக்களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் ஊழியராகச் சாமுவேல் பாக்கியநாதன் அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகள் கழித்து, 1905 டிசம்பர் 25 அன்று, வில்லியம் கேரியின் பெயரோடு இணைந்த வங்காளத்துச் செராம்பூரில், இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனெரி சங்கம் உருவானது. அதன் பொதுச்செயலாளர் பொறுப்பும் அசரியாவிடமே வந்தது.

அனுப்பியவரே செல்லுதல்

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். முப்பது வயதைக் கடந்தவுடனே இரண்டு சங்கங்களின் தோற்றத்தில் முதன்மையான பங்கு, 1907இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பு மாநாட்டில் இடம், நாடெங்கும் மேடைகள். அழைப்புக்குச் செவிகொடுத்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செவிகொடுத்தவருக்கு ஏற்படும் இடர் இங்கேதான் இருக்கிறது. ஓர் அழைப்புக்கு அளித்த விடையே பதவியாகிறது, பதவி பழக்கமாகிறது, பழகிய பணியின் இரைச்சலில் அடுத்த குரல் கேட்காமலே போகிறது. மறுத்தவனைவிட, ஒருமுறை இசைந்தவனுக்கே இந்தச் செவிட்டுத்தனம் எளிதில் வரும். தான் ஏற்கெனவே விடையளித்துவிட்டதாக அவன் நம்பிக்கொண்டிருப்பதே காரணம்.

அசரியா மேடைதோறும் இளைஞர்களை நோக்கி, ஊரையும் உறவையும் மொழியையும் விட்டு, அறியாத மக்களிடம் செல்லுங்கள் என்று கூறிவந்தார். பிறரைப் போகச் சொல்லும் தாம் போகாதிருப்பது எவ்வாறு பொருந்தும் என்ற வினா அவரை உறுத்தத் தொடங்கியதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இம்முறை குரல் வேறு யாரிடமிருந்தும் வரவில்லை. அவருடைய சொற்பொழிவுகளே அவரிடம் திரும்பி வந்து நின்றன.

1909இல், முப்பத்தைந்தாம் வயதில், ஒய்.எம்.சி.ஏ. பணியை விட்டார். அவ்வாண்டே குருத்துவப் பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கல் சென்று, தாம் தொடங்கிய சங்கத்தின் ஊழியராகப் பணியேற்றார். உலக மாநாடுகளில் ஆங்கிலத்தில் முழங்கியவர் தெலுங்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இருப்புப்பாதைச் சந்திப்பு என்பதற்கு மேல் பெரிய சிறப்பில்லாத சிற்றூர் தோர்ணக்கல். இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. சுற்றியிருந்த கிராமங்களில் அவர் பேச்சைக் கேட்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள். திருநெல்வேலியில் நிமிரத் தொடங்கிவிட்ட ஒரு சமுதாயத்தின் மகன், இன்னும் நிமிர விடப்படாத மக்களின் சேரிக்குச் சென்று அமர்ந்தார். தாம் ஏறி வந்த படிக்கட்டின் அடியில் இன்னும் மக்கள் நிற்கின்றனர் என்று காண்பதும் ஒரு கேட்டல்தான்.

ஏலியிடம் சொல்ல வேண்டியது

அடுத்த ஆண்டு, 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள். அவர்களுள் ஆசிய நாட்டினர் ஏறக்குறைய இருபது பேர் மட்டுமே. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையேயான ஒத்துழைப்பு என்பது அசரியாவுக்குத் தரப்பட்ட தலைப்பு.

அந்த அரங்கில் அவர் யாராக நின்றார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய தந்தை படித்தது மிஷன் பள்ளியில். அவரும் அவ்வாறே. அவரைப் பணியில் அமர்த்தியது மேலைநாட்டார் இயக்கம். அவரை மாநாட்டுக்கு வரச்செய்தவர்களும் அவர்களே. கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பலர் இந்தியாவில் பணியாற்றியவர்கள். வளர்த்த ஏலியின்முன் சிறுவன் சாமுவேல் நின்ற நிலை அது.

அவர் சொன்னதன் சாரம் இது: மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையேயான உறவு, பலவிடங்களில் முதலாளி-பணியாள் உறவாகவே இருக்கிறது. ஒரே பணியில் பல்லாண்டு உழைத்தும், இந்திய உடன் ஊழியரோடு அமர்ந்து ஒருவேளை உணவு உண்ணாத மிஷனரிகள் இருக்கின்றனர். நீங்கள் செய்த தியாகங்களை இந்தியத் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நன்றியோடு நினைக்கும். உடைமையைக் கொடுத்தீர்கள், உடலையே எரிக்கக் கொடுத்தீர்கள். ஆயினும் நாங்கள் இன்னும் ஒன்று கேட்கிறோம்: அன்பு. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

அரங்கில் சிலர் சினந்தனர், சிலர் தலைகுனிந்தனர். அந்த மாநாட்டின் நூற்றுக்கணக்கான உரைகளுள் இன்றுவரை மிகுதியாக நினைக்கப்படுவது இவ்வுரையே எனலாம். பவுல் அடிகளார் அன்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற அதிகாரத்தையே உரைகல்லாகக் கொண்டு, அந்நூலைத் தமக்குக் கற்பித்தவர்களையே அவர் உரசிப் பார்த்தார். நன்றியுணர்வு வாயடைப்பாக மாறிவிடாமல் காத்துக்கொண்டதே அவ்வுரையின் வலிமை. அழைப்புக்குச் செவிகொடுத்தல் என்றால் அடக்கமாகப் பணிந்து நடத்தல் என்று மட்டும் கொள்வோர்க்கு இந்நிகழ்ச்சி இடறலாகவே இருக்கும்.

ஏலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விவிலியத்தில் அவர் குறைபாடுள்ள மனிதர், கண்பார்வை மங்கியவர். ஆயினும் தமக்கு எதிரான செய்தியை மறைக்காமல் சொல் என்று சிறுவனை வற்புறுத்தியவரும் அவரே. அசரியாவின் வாழ்விலும் அத்தகையோர் இருந்தனர். சென்னைப் பேராயர் ஹென்றி வொய்ட்ஹெட் அவர்களுள் முதன்மையானவர். இந்தியர் ஒருவர் பேராயராக வேண்டும், அவர் அசரியாவாக இருக்க வேண்டும் என்று அவர் விடாது வாதாடினார். எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. ஆங்கில மிஷனரிகளிடமிருந்து மட்டுமன்று, திருநெல்வேலிக் கிறித்தவர்களிடையேயும் சாதி வேறுபாடுகளின் அடிப்படையில் அது எழுந்தது என்பது வருந்தத்தக்க உண்மை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. அளிக்கப்பட்ட மறைமாவட்டம் தோர்ணக்கல், மிகச் சிறியது.

எல்லார் தலையிலும் கை

பதவி வந்தபின் கேட்பது இன்னும் கடினம். பேராயர் என்பவர் பிறர் கேட்கப் பேசுபவர். அசரியா கண்ட வழி, அழைப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் அனைவருக்கும் பகிர்ந்தளிப்பது.

மாட்டுவண்டியிலும் பின்னாளில் காரிலும் ஊர் ஊராகச் சென்றார். திருமுழுக்குப் பெற்ற எளிய மக்களிடம், தம் கையைத் தம் தலைமேலேயே வைத்துக்கொண்டு ஓர் உறுதிமொழி சொல்லச் செய்வது அவருடைய புகழ்பெற்ற வழக்கம். நான் திருமுழுக்குப் பெற்றவன். நற்செய்தியைச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்ற பொருள் தரும், பவுலின் சொற்களை ஒட்டிய உறுதிமொழி அது. குருவின் கை தலைமேல் வைக்கப்படுவது திருநிலைப்பாட்டுச் சடங்கின் அடையாளம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கூலித்தொழிலாளி, தன் கையையே தன் தலைமேல் வைக்கும்போது என்ன நிகழ்கிறது? யாரும் தொட மறுத்த தலைக்கு, அழைக்கப்பட்டவன் என்ற உரிமை அவன் கையாலேயே வழங்கப்படுகிறது. எழுத்தறியாதவர்க்கு இதைவிடத் தெளிவான இறையியல் பாடம் இருந்திருக்க முடியாது.

1920இல் மறைமாவட்டத்தின் எல்லை விரிந்தது. ஊர்ப்புறப் பள்ளிகள், ஆசிரியப் பயிற்சி, கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம், மருத்துவ நிலையங்கள் எனப் பணிகள் பெருகின. குருமாருள் மிகப் பெரும்பாலோர் இந்தியராயினர். பயிற்சி பெற வந்த ஊழியர்களின் மனைவியருக்கு அன்பு மரியம்மாள் கற்பித்தார். கால் நூற்றாண்டு உழைப்பில், உள்நாட்டுக் கட்டடக்கலை மரபுகளைக் கலந்து எழுப்பப்பட்ட பேராலயம் 1939 ஜனவரியில் அர்ப்பணிக்கப்பட்டது.

அம்பேத்கரின் வினா

அசரியாவின் பிற்கால வாழ்வை ஆட்கொண்டது திருச்சபை ஒற்றுமை. தெலுங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்னும் பெயர்களுக்கு என்ன பொருள்? ஐரோப்பாவின் பழம்பூசல்கள் அவை. மிஷன்கள் நிலப்பரப்பைப் பங்கிட்டுக்கொண்டதால், ஒருவன் எந்தச் சபையான் என்பதை அவன் நம்பிக்கை தீர்மானிக்கவில்லை. அவன் பிறந்த தாலுகா தீர்மானித்தது. 1919 மே மாதம், 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், முப்பதுக்கும் மேற்பட்ட குருமார் கூடினர். பெரும்பாலும் இந்தியர். அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த வி. சந்தியாகுவும் அதில் முன்னின்றனர். அங்கு வெளியிடப்பட்ட அறிக்கையே தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கான முதற்படி. 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசான் மாநாட்டிலும் அசரியா இதையே வற்புறுத்தினார்: மேலைநாட்டாருக்குப் பிரிவினை வருத்தமாக இருக்கலாம், இந்தியத் திருச்சபைக்கு அது உயிர்ப்பிரச்சினை.

ஆனால் இந்தக் கருத்தின் முழுக்கனத்தையும் அவருக்கு உணர்த்தியவர் ஒரு கிறித்தவர் அல்லர். 1935 அக்டோபரில் யேவ்லா என்ற ஊரில், தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப்போவதில்லை என்ற கருத்தை அம்பேத்கர் அறிவித்தார். அதன்பின் அசரியா அவரைச் சந்தித்தார். அம்பேத்கர் கேட்ட கேள்வியாக வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இது: எங்கள் மக்கள் இன்று ஒடுக்கப்பட்டவர்களாகவேனும் ஒன்றாக இருக்கின்றனர், நாங்கள் கிறித்தவரானால் ஆளுக்கொரு சபையில் சிதறிப்போவோமே, அதற்கு உங்களிடம் என்ன விடை?

தாம் சொல்ல விடையில்லாத வினா அது என்றும், தம் தலை வெட்கத்தால் குனிந்தது என்றும் அசரியா உணர்ந்ததாக அவ்வரலாறுகள் கூறுகின்றன. மக்கள் இயக்கத்தின் பேராயர் என்று உலகம் போற்றியவர், சமய எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குற்றச்சாட்டைத் தற்காப்புரை கூறித் தள்ளியிருக்கலாம். அவர் அதை அழைப்பாகவே ஏற்றார். முதிய சாமுவேலுக்கு, மக்கள் சொல்வதைக் கேள் என்று வந்த கட்டளையை இங்கே நினைக்கலாம்.

அதே காலத்தில் காந்தியடிகளோடு அவர் கடுமையாக முரண்பட்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏழை மக்கள் பெருந்திரளாக மதம் மாறுவது அறிந்து செய்யும் ஆன்மிகத் தேர்வாக இருக்க முடியாது என்று காந்தி கருதினார். ஒடுக்கப்பட்டோர்க்கும் தமக்கெனத் தேர்ந்துகொள்ளும் அறிவும் ஆன்மாவும் உண்டு என்பது அசரியாவின் நிலை. இருவரும் இறைக்குரலுக்கு நாள்தோறும் செவிசாய்த்தவர்கள். இருவருக்கும் கேட்டது ஒன்றாக இல்லை. செவிகொடுப்பவர்கள் எப்போதும் ஒத்த கருத்துக்கே வந்து சேர்வர் என்பதற்கு வரலாற்றில் உறுதி எதுவுமில்லை. தான் கேட்டதே இறுதி என்று முடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்டு முடியாதது

1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் அசரியா காலமானார். தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சி 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் கனிந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அவர் இல்லை.

அம்பேத்கரின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதா? ஒருபாதிக்குக் கிடைத்தது. சபைப் பெயர்கள் ஒன்றாயின. மறுபாதி அப்படியே நிற்கிறது. தமிழகத்தின் கிறித்தவ ஊர்கள் பலவற்றில் சாதிக்கொரு தெருவும், சில இடங்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும் உள்ளன என்பதை அறியாதார் இல்லை. பேராயர் தேர்தல்களில் சாதிக் கணக்குகள் பேசப்படுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். நிறுவனம் ஒன்றாவதோடு அழைப்பு முடிந்துவிட்டதாக எண்ணியதன் விளைவு இது. அசரியா யாழ்ப்பாணத்துக்குப் பின் நின்றிருந்தால் ஒரு நல்ல சங்கத்தின் நிறுவனராக நினைக்கப்பட்டிருப்பார். எடின்பரோவுக்குப் பின் நின்றிருந்தால் ஒரு சிறந்த உரையாளராக. பேராயர் பதவியோடு நின்றிருந்தால் பாடநூல்களில் 'முதல் இந்தியர்' என்ற ஒரு வரியாக. ஒவ்வோர் இடத்திலும் அவரை மேலே நடத்தியது, தாம் பெற்ற விடையின்மேல் அவர் உறங்கிவிடாததே.

ஏலியின் ஆலயத்தில் சிறுவன் மும்முறை தவறான திசையில் ஓடினான். விவிலியம் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்தான். அதுவே போதுமானதாக இருந்தது. குரல் யாருடையது என்று தெரியாவிடினும் எழுந்து ஓடுபவனுக்கு நான்காம் முறையேனும் வழி புலப்படும். யாழ்ப்பாணத்து மாணவர்கள், ஆங்கிலேயப் பேராயர், பெயரறியாத மாதிகக் கூலிகள், மகாராட்டிரத்து அம்பேத்கர் என எந்தத் திசையிலிருந்து ஒலித்தாலும் எழுந்த ஒரு மனிதருக்கு, அவர் தாய் தேர்ந்து வைத்த பெயர் பொருத்தமாகவே அமைந்தது.